கழிவுக் காகிதத்திலிருந்து எரிகட்டி

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிராமத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது பாலம், சாலை, பள்ளிக்கூடம், குடிநீர்த் தொட்டி ஆகிய பெரிய பணிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதாம். ஆயினும் ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் நாள்தோறும் நிகழும் சிறிய காரியங்களும் ஊரின் நலத்தை ஆக்குகின்றன. சில வேளைகளில் அழிக்கவும் செய்கின்றன. அத்தகைய சிறிய காரியம் ஒன்றைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம். பயனற்றது என்று நாம் எறிந்துவிடும் காகிதத்தைக் கொண்டு, வீட்டிலேயே, காசு செலவின்றி, அடுப்புக்கு எரிகட்டி செய்யும் முறையே அது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. துரும்பே உதவுமாயின், துரும்பைக் கூழாக்கிச் செய்த காகிதம் உதவாமற் போகுமா?

குப்பை மேட்டின் புகை

ஊரின் எல்லையில் இருக்கும் குப்பை மேட்டைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கடைகளில் பொட்டலம் மடித்த தாள், பள்ளிப் பிள்ளைகளின் எழுதித் தீர்ந்த ஏடுகள், கிழிந்த அட்டைப் பெட்டி, திருமண அழைப்பிதழ், தேர்தல் துண்டறிக்கை, எண்ணெய் படிந்த பலகாரத் தாள் ஆகிய யாவும் அங்கே வந்து சேருகின்றன. அவற்றோடு பிளாஸ்டிக் உறைகளும் கலந்துவிடுகின்றன. மேடு உயர்ந்ததும் யாரோ ஒருவர் தீ வைக்கிறார். அத்தீ இரவெல்லாம் கனன்று புகைகிறது. பிளாஸ்டிக் எரிந்த நச்சுப் புகை வீடுகளுக்குள் புகுகிறது. இருமும் குழந்தைக்கும் மூச்சிரைக்கும் முதியவருக்கும் அது தரும் துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

கழிவைத் திறந்த வெளியில் எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. ஆனால் விதி மட்டும் குப்பையை அகற்றிவிடாது. எரிக்காதே என்று சொல்லும் பஞ்சாயத்து, வேறு என்ன செய்யலாம் என்பதையும் மக்களுக்குக் காட்ட வேண்டும். போகிப் பண்டிகையன்று பழையன கழிக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். தெருவில் கொளுத்தும் தாளை ஒரு தொட்டியில் ஊற வைத்தால், கழித்தலும் நிகழும், பயனும் கிட்டும், பொங்கலன்று விடியும் வானமும் தெளிவாக இருக்கும்.

எந்தக் காகிதம்?

இங்கே ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்தி விடுகிறோம். எல்லாக் காகிதத்தையும் அடுப்பில் இடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தூய்மையான செய்தித்தாளும், எழுதிய ஏடும், நல்ல அட்டையும் பழைய காகிதக் கடையில் விலை போகும் பொருள்கள். அவை ஆலைக்குச் சென்று மீண்டும் காகிதமாகின்றன. இன்றைய கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979ஆம் ஆண்டு அரசால் நிறுவப்பட்டது. அது மரத்தை மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்து புகழ் பெற்றது. பழைய தாளிலிருந்து மை நீக்கிக் கூழெடுக்கும் வேலையும் அங்கே நடைபெற்றிருக்கிறது. விற்கக்கூடிய தாளை எரிப்பது விதை நெல்லைக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பாகும்.

காகிதம் என்பது செடிகொடிகளின் நார்களாலாகிய மெல்லிய பாயே ஆகும். ஆலையில் மீண்டும் மீண்டும் கூழாக்கும்போது நார் குறுகிக்கொண்டே வருகிறது. ஐந்தாறு முறைக்குப்பின் அது நல்ல தாளுக்கு உதவுவதில்லை. அவ்வாறு நார் தேய்ந்த மட்டத்தாள், கிழிந்து துண்டு துண்டான தாள், மழையில் நனைந்து கெட்டது, முட்டை வைக்கும் கூழ்த் தட்டு, கடைக்காரர் வாங்க மறுக்கும் அழுக்குத் தாள் ஆகியவையே எரிகட்டிக்கு உரியவை. பலகாரம் மடித்த எண்ணெய்த் தாளையும் சிறிதளவு சேர்க்கலாம். மிகுதியாகச் சேர்த்தால் எலியும் எறும்பும் தேடி வரும்.

விலக்க வேண்டியவை எவை? பளபளப்பான வண்ண இதழ்களில் வெண்களிமண்ணும் சுண்ணமும் மேற்பூச்சாகப் பூசப்பட்டுள்ளன. அவை எரிவதில்லை, சாம்பலாகத் தங்கி அடுப்பை அடைக்கின்றன. தேநீர் அருந்தும் காகிதக் குவளையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கடைகளிலும் பேருந்திலும் பொறி அச்சிட்டுத் தரும் வழுவழுப்பான சீட்டில் இரசாயனப் பூச்சு உண்டு. ஜரிகைத் தாள், மெழுகுத் தாள், வண்ணம் தீட்டிய அட்டை, ஒட்டும் நாடா, கம்பி ஊசி ஆகிய இவற்றையெல்லாம் பொறுக்கி நீக்கிவிட வேண்டும். இந்தத் தரம் பிரித்தலைச் செய்யாதவர் எரிகட்டி செய்யாமலிருப்பதே நலம்.

கை அச்சில் கட்டி பிடிப்பது எப்படி?

திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் கடலைத் தோல், மரத்தூள் ஆகியவற்றைப் பெரும்பொறிகளில் அழுத்திக் கட்டைகளாக்கிக் கொதிகலன்களில் எரிக்கிறார்கள். தொழில் செய்வோர் அதனைப் பிரிக்கெட் என்பர். அப்பொறிகளின் கடும் அழுத்தத்தில் சூடு பிறந்து, மரத்திலுள்ள பசைப்பொருள் இளகி, தூளைத் தானே ஒட்டவைக்கிறது. வீட்டில் அத்துணை அழுத்தத்துக்கு நாம் எங்கே போவது?

இங்கேதான் காகிதம் கைகொடுக்கிறது. நீரில் ஊறி இடிபட்ட காகிதத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நடுவே கிடக்கும் தூளையும் சருகையும் வலைபோல் பற்றிக்கொள்கின்றன. நீர் வற்றியதும் அப்பிடி இறுகிவிடுகிறது. வேறு பசை தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. இம்முறையைக் கைக்கொண்டு கென்யா, உகாண்டா, மலாவி முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும் நேபாளத்திலும் பெண்கள் மர நெம்புகோல் பொறியில், நடுவே துளையுள்ள வட்டக் கட்டிகள் செய்து வந்திருக்கிறார்கள். நம் தாய்மார்களுக்கோ வறட்டி தட்டிய கை இருக்கிறது. சாணத்தோடு வைக்கோல் துணுக்கைச் சேர்த்துப் பிசைந்தால் வறட்டி வெடிக்காது என்பதை அறிந்தவர்களுக்கு இத்தொழிலைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

வறட்டியைப் பற்றி இன்னொரு சொல். சாணம் வயலுக்குப் போகவேண்டிய உரம். அதை அடுப்பில் இடும்போது மண்ணுக்குரிய உணவை நாம் எரிக்கிறோம். ஆகவே காகிதக் கட்டி எத்தனை வறட்டியை மிச்சப்படுத்துகிறதோ, அத்தனை சாணம் எருக்குழிக்கோ சாண எரிவாயுக் கலனுக்கோ திரும்புகிறது. உழவருக்கு இதில் தனி ஆதாயம் உண்டு.

செய்முறை

இனிச் செய்முறையைப் படிப்படியாகக் கூறுகிறோம்.

முதலாவது, கிழித்தல். தரம் பிரித்த தாளை இரண்டு விரல் அகலத் துண்டுகளாகக் கிழிக்க வேண்டும். துண்டு சிறியதானால் விரைவில் ஊறும்.

இரண்டாவது, ஊறவைத்தல். 1 கிலோ தாளுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் நீர் வேண்டும். நல்ல குடிநீரை இதற்குச் செலவிடலாகாது. பாத்திரம் கழுவிய நீர், அரிசி களைந்த நீர் போதும். பிழிந்த நீரையும் வீணாக்காமல் அடுத்த தொட்டிக்கு ஊற்றலாம். நம் நாட்டு வெப்பத்தில் 2 அல்லது 3 நாட்களில் தாள் நன்கு ஊறிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. மூடாத நீர்த்தொட்டி டெங்குக் கொசுவுக்குத் தொட்டிலாகும். முட்டை கொசுவாக ஒரு வார காலமே போதும். எனவே தொட்டியின் வாயைத் துணியால் இறுகக் கட்ட வேண்டும். 4 நாட்களுக்கு மேல் ஊறவிடவும் கூடாது.

மூன்றாவது, இடித்தல். கொல்லையில் பயனின்றிக் கிடக்கும் பழைய உரலுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. ஊறிய தாளை உரலிலிட்டு, எழுத்து மறைந்து கஞ்சிபோல் ஆகும்வரை இடிக்க வேண்டும். இவ்வேலைக்கு எடுத்த உரலில் மீண்டும் உணவுப் பொருளை இடிக்கலாகாது.

நான்காவது, கலத்தல். தனிக் காகிதத்தாலும் கட்டி செய்யலாம். ஆனால் அது புகைந்து எரியும். மரத்தூள் சேர்த்தால் காற்றுப் புகுந்து நன்கு எரியும். உலர்ந்த நிலையில் காகிதம் 1 பங்கு, மரத்தூள் 2 பங்கு என்று தொடங்கலாம். மர அறுவை ஆலையுள்ள ஊரில் தூள் எளிதில் கிடைக்கும். கடலை விளையும் ஊரில் கடலைத் தோலை நொறுக்கிச் சேர்க்கலாம். சருகை நன்றாகப் பொடித்துக் கலக்கலாம். நெல் உமி வழுக்கும் இயல்புடையது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே எஞ்சும். ஆகவே உமியைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; உலர நாள் பிடிக்கும். இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலங்கரி மூட்டம் போடும் ஊர்களில், கரி அள்ளிய களத்தில் எஞ்சும் கரித்தூளைச் சேர்த்தால் புகை குறையும்.

கலவை பதமாயிற்றா என்பதை அறிய ஒரு வழி உண்டு. ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் மட்டும் வடிய வேண்டும். கூழ் பிதுங்கி வழிந்தால் காகிதம் மிகுதி. கையை விரித்ததும் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் தூள் மிகுதி. பிழிந்த உருண்டை தன் வடிவில் நின்றால் அதுவே பதம்.

ஐந்தாவது, அழுத்துதல். 4 அங்குல விட்டமும் ஒரு முழத்துக்குக் குறைந்த நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துச் சுற்றிலும் சிறு துளைகள் இட்டுக்கொள்ள வேண்டும். நடுவே 1 அங்குலக் கம்பிக் குழாய் ஒன்றை நிறுத்த வேண்டும். குழாய்க்குள் இறங்கும்படி, நடுவே துளையுள்ள மர வட்டு ஒன்றை ஊர்த் தச்சர் செய்து தருவார். கலவையை நிரப்பி, வட்டை வைத்து, நெம்புகோலால் அழுத்தினால் துளைகள் வழியே நீர் வடியும். கட்டியை வெளியே தள்ளினால் நடுவில் துளையோடு வட்டமாக வரும்.

நெம்புகோலின் கணக்கு எளிது. 5 அடி நீள மரத்தின் ஒரு முனையைத் தூணில் மாட்டி, அம்முனையிலிருந்து 1 அடி தொலைவில் அச்சை வைத்து, மறு முனையை அழுத்தினால் நம் வலு ஐந்து மடங்காகும். 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் அச்சின்மேல் 100 கிலோ இறங்கும். ஏற்றம் இறைத்த நாட்டாருக்கு இது புரியாததன்று. நெம்புகோல் இல்லாத வீட்டில் செங்கல் அச்சைப் போன்ற மரச்சட்டத்தில் கலவையைக் கொட்டிப் பலகையிட்டு மிதித்தாலும் போதும். கையாலேயே உருண்டை பிடித்தாலும் தவறில்லை.

நடுத்துளை அழகுக்காக இட்டதன்று. அதன் வழியே வெயிலும் காற்றும் புகுந்து கட்டி உள்ளும் புறமும் உலர்கிறது. எரியும்போது அதுவே சிறு புகைபோக்கியாகிக் காற்றை இழுத்துச் சுடரை எழுப்புகிறது.

ஆறாவது, உலர்த்துதல். எல்லாவற்றிலும் முதன்மையான படி இதுவே. கட்டிகளை ஓலைத் தட்டியிலோ கம்பி வலையிலோ ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, நாள்தோறும் புரட்டிவிட வேண்டும். நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்குள் உலரும். மேல்புறம் காய்ந்ததைக் கண்டு ஏமாறலாகாது. ஒரு கட்டியை இன்று நிறுத்துப் பாருங்கள். நாளையும் நிறுத்துப் பாருங்கள். எடை குறையாமல் நின்றால் உலர்ந்தது என்று கொள்ளலாம்.

உலராத கட்டியால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுகிறோம். நன்கு உலர்ந்த 1 கிலோ கட்டி ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெப்பம் தரும். அந்த 1 கிலோவில் 300 கிராம் நீர் தங்கியிருக்குமாயின் எரிபொருள் 700 கிராமே. அதன் வெப்பம் 2,450. அந்நீரைக் கொதிநிலைக்குச் சூடாக்கி ஆவியாக்க மேலும் 180 செலவாகும். மிஞ்சுவது 2,270 மட்டுமே. ஆக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. அதற்கும் மேலாக, ஈரத்தால் நெருப்பு தணிந்து புகை சூழ்கிறது.

ஏழாவது, சேமித்தல். காகிதக் கட்டி கரையானுக்கு விருந்து. ஆகையால் தரையில் அடுக்காமல், செங்கல்மேல் பலகையிட்டு, சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டியே வைக்க வேண்டும். தைக்கும் ஆவணிக்கும் இடையே செய்து சேர்த்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த விறகோடு போராட வேண்டியதில்லை.

அடுப்பும் புகையும்

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கருத்தோடு கேட்க வேண்டுகிறோம்.

வீட்டு அடுப்பின் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காகிதக் கட்டியும் புகை தருவதே. ஆதலால் 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும் பிறவற்றாலும் வீட்டுக்கு வந்த எரிவாயு அடுப்பை அணைத்துவிட்டு, காகிதக் கட்டியை மூட்டுங்கள் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். நாள்தோறும் வீட்டுக்குள் நடைபெறும் சமையலுக்கு எரிவாயுவே ஏற்றது. எரிகட்டி விறகின் இடத்தை நிரப்பவந்தது. குளிக்க வெந்நீர் காய்ச்சுதல், மாட்டுக்குக் கஞ்சி வைத்தல், நெல் அவித்தல், கோயில் விழாவுக்கும் வீட்டு விசேடத்துக்கும் வெளியே பெரிய அடுப்பு மூட்டுதல் ஆகிய இவற்றுக்கே அதைக் கொள்ள வேண்டும்.

அடுப்பு திறந்த வெளியிலோ, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்திலோ இருக்க வேண்டும். கதவடைத்த அறையில் கட்டியைக் கனலவிட்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. அங்கே கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு சேரும். அடுப்பில் இரும்புச் சல்லடைத் தட்டு ஒன்று இருந்தால் கீழிருந்து காற்று ஏறிக் கட்டி முழுவதும் எரியும். புகைபோக்கி இருந்தால் மிகவும் நல்லது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் உருவாக்கிய அஸ்திரா அடுப்பைப் போன்று, புகைபோக்கியும் குறைந்த விறகுச் செலவும் கொண்ட அடுப்புகள் 1980களிலேயே கிராமங்களுக்கு அறிமுகமாயின. முதலில் இரண்டு சுள்ளியோ தென்னம்பாளையோ வைத்துத் தீ மூட்டி, பின்னர் கட்டியை இரண்டாக உடைத்து இட வேண்டும். அடுப்பு வாயை நிறைத்து அடைத்தால் தீ மூச்சு முட்டிப் புகைதான் வரும்.

சாம்பலைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அச்சு மையும் நிரப்புப் பொருளும் கலந்த சாம்பல் அது. பாத்திரம் துலக்கவும் கீரைப் பாத்திக்கும் அதைப் பயன்படுத்தாமல் ஒரு குழியில் இட்டு மூடிவிடுவதே தக்கது.

இதனால் ஆதாயம் எவ்வளவு?

மிகைப்படுத்திச் சொல்லி ஆசை காட்டுவது நம் நோக்கமன்று. கணக்கையே பார்ப்போம்.

14.2 கிலோ எரிவாயு உருளையில் 1 லட்சத்து 56 ஆயிரம் கிலோ கலோரி அளவுக்கு வெப்பம் இருக்கிறது. நல்ல அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 1 லட்சம், பாத்திரத்தில் ஏறும். சாதாரண விறகடுப்பில் நூற்றுக்குப் பதினைந்தே பாத்திரத்தைச் சேரும். மற்றது காற்றோடு போகும். ஆகவே 1 கிலோ கட்டியிலிருந்து நமக்குக் கிடைப்பது 525. ஓர் உருளைக்கு ஈடாக 190 கிலோ கட்டி வேண்டும். செம்மையான அடுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து கிடைக்குமாயின் 115 கிலோ போதும். அடுப்பைத் திருத்துவது கட்டி செய்வதற்கு நிகரான ஆதாயம் என்பது இதனால் விளங்கும்.

ஒரு குடும்பத்தில் நாள்தோறும் 100 கிராம் விலை போகாத தாள் சேருவதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 3 கிலோ தாள். அதோடு 6 கிலோ தூள். ஆக 9 கிலோ கட்டி. 20 லிட்டர் வாளி நீரை 20 பாகை சூடேற்ற 400 கிலோ கலோரி வேண்டும். இந்த 9 கிலோவால் மாதத்தில் 11 அல்லது 12 வாளி வெந்நீர் கிடைக்கும். தனி வீட்டுக்கு இது சிறிய உதவிதான்.

ஆனால் அதே கணக்கை 500 குடும்பங்கள் உள்ள ஊருக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,500 கிலோ தாள் குப்பை மேட்டுக்குச் செல்லாமல் நிற்கிறது. 4,500 கிலோ கட்டி உருவாகிறது. அது 23 எரிவாயு உருளைகளின் பயனுக்கு ஈடாகும். பல துளி பெரு வெள்ளம் என்பதன் பொருள் இதுவன்றோ? தனி வீட்டில் சிறியதாய்த் தோன்றுவது ஊர் கூடினால் பெரியதாகிறது. ஆகையினாலேயே இதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்களின் முன் வைக்கிறோம்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகக் குப்பை வாங்கும்போதே தாளைத் தனிச் சாக்கில் வாங்க ஏற்பாடு செய்யலாம். ஈரக் குப்பையோடு கலந்த தாளைப் பின்னர்ப் பிரிப்பது பெரும்பாடு. விற்கத்தக்க தாளை முதலில் விற்றுவிட வேண்டும். எஞ்சியதில் ஒரு பகுதியை எருக்குழியில் இடலாம். சமையற் கழிவின் மிகு ஈரத்தை அது உறிஞ்சும். மீதமுள்ளதே எரிகட்டிக்கு.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிகளில் எழுதிய தாள்கள் குவியும். தலைமை ஆசிரியரின் இசைவோடு அவற்றைப் பெறலாம். மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள தாள்கள் ஊறி மறைவது ஒரு வகையில் நன்மையே. மகளிர் சுய உதவிக் குழுவினர் இதனை மேற்கொள்வராயின் இரண்டு அச்சும் ஒரு நெம்புகோலும் பஞ்சாயத்துக் கொட்டகையில் வைத்துத் தரலாம். ஜனவரி 26இல் கூடும் கிராம சபையில் பேசி முடிவு செய்தால், தை, மாசி வெயிலிலேயே வேலை தொடங்கிவிடலாம்.

முதலிலேயே விற்பனையை எண்ண வேண்டாம். மூன்று மாதம் சோதனையாகச் செய்து, வந்த தாள் எவ்வளவு, உலர்ந்த கட்டி எவ்வளவு, உழைத்த நேரம் எவ்வளவு, மிச்சமான விறகு எவ்வளவு என்று நான்கு கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மூன்றாம் மாத முடிவில் அக்குறிப்பேடு உங்கள் ஊருக்கு இது ஏற்றதா அன்றா என்று சொல்லிவிடும். மரத்தூளும் வெயிலும் உள்ள ஊருக்கு இது பொருந்தும். விறகும் இல்லை, தூளும் இல்லை, நீரும் அரிது என்றால், தாளை விற்றும் எருவாக்கியும் முடிப்பதே அறிவுடைமை.

சில ஐயங்கள்

இத்தனை பாடுபட்டு இடித்து, அழுத்தி, உலர்த்துவதைவிடத் தாளை அப்படியே அடுப்பில் திணித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். தனித் தாள் நொடியில் எரிந்து பறக்கும். நீர் சூடேறும் முன்னரே அணையும். கருகிய துணுக்கு கூரையில் விழுந்து தீயும் பிடிக்கக்கூடும். கட்டியாக்கினால் அதே தாள் நின்று நிதானமாக எரியும்.

சீமைக் கருவேல் காடாக மண்டிக் கிடக்கையில் விறகுக்கு என்ன பஞ்சம் என்று வேறு சிலர் கேட்கலாம். விறகு கிடைக்கும் ஊருக்கும் குப்பை மேடு உண்டு. முள் வெட்டிச் சுமந்து வரும் பெண்ணின் தலைச்சுமையும் காலில் ஏறும் முள்ளும் நம் கணக்கில் சேர வேண்டியவை.

பிளாஸ்டிக் உறையையும் சிறிது சேர்த்தால் கட்டி நன்கு எரியாதா என்று கேட்போரும் உண்டு. எரியும், எரிந்து நஞ்சைக் கக்கும். குப்பை மேட்டின் நச்சுப் புகையை வீட்டு அடுப்புக்கே அழைத்து வருவதற்காகவா நாம் இத்தனை பாடுபடுகிறோம்?

அன்பர்களே! நாம் கூறியதில் வியத்தகு புதுமை ஏதுமில்லை. உரலும் நெம்புகோலும் வெயிலும் நமக்குப் பழகியவை. வறட்டி தட்டிய கையும் பழகிய கையே. குறைவாக உள்ளது, எறியும் முன் ஒரு கணம் எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். அதை மக்களிடையே உண்டாக்கும் கடமை பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய உங்களுடையது. வீட்டு வாயிலில் ஒரு சாக்கைக் கட்டித் தாளை அதில் போடும் முதல் வீடு உறுப்பினரின் வீடாக இருக்கட்டும். ஊர் அதைப் பார்த்துத் தானே பின்பற்றும். குப்பை மேட்டில் தீ வைக்க எதுவும் எஞ்சாத நாள் வருமாயின், நம் பிள்ளைகள் தூய காற்றைச் சுவாசிப்பார்கள். அந்நாளை விரைவில் காண முயல்வோமாக.